சுவிட்சில் கட்டிய துணி

இரண்டு நிமிடப் படத்துக்காக வெட்கப்படாதீர்கள். யூனிட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ யாராவது, "என்ன வேலை பாக்கீக?" என்று கேட்பார்கள். அனிமேஷன் படம் எடுக்கிறோம் என்றால் கண் விரியும். எத்தனை மணி நேரப் படம் என்பார்கள். இரண்டரை நிமிடம் என்றதும் விரிந்த கண் சுருங்கிவிடும். "அப்பப் பெருசா எப்ப எடுப்பீக?" என்பது அடுத்த கேள்வி. நானும் பல வருடம் பதில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சிரித்துவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில், கேமராக்காரர் தாமஸும் நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படங்களை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ரத்த தானத்துக்கு ஒரு நிமிடப் படம். முழுக்க பேண்டேஜ் துணியில் செய்தது. கண்மாய் நிரம்புவதையும் வற்றுவதையும் கண்ணாடி மேல் மணலைத் தள்ளித் தள்ளி எடுத்தோம். எல்லையில் இருக்கும் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு எழுதும் கடிதம், வெறும் பென்சில் கோட்டில், தொண்ணூறு வினாடி. பாலர் பள்ளிக்கு வெண்டைக்காயும் பாகற்காயும் எண் சொல்லிக் கொடுக்கும் படம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரருக்கு அசல் பால்கோவாவையே உருட்டிப் பொம்மை செய்தோம். விளக்குச் சூட்டில் பொம்மை இளகியது. சுவரோரமாக எறும்பு வந்துவிட்டது. தாமஸ் எறும்பையும் சேர்த்தே படம் பிடித்தார். கடைக்காரர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எறும்பு தேடி வருதுன்னா அசல் சரக்குன்னு அர்த்தம், அதை வெட்டிராதீக" என்றார்.

பெரிய படத்தில் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும், "இதை எதால் செய்வது?" என்று முதலிலிருந்து யோசிக்கலாம். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அந்தச் சுதந்திரம்தான்.

ஆனால் எதால் செய்வது என்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: போய்ப் பார்ப்பது. அதை எனக்கு உறைக்க வைத்தவர் ஒரு வனக் காவலர். பெயர் கேட்டு வைக்கத் தோன்றவில்லை. செண்பகத்தோப்புக் காட்டைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சாம்பல் அணில் பற்றி மூன்று நிமிடப் படம் வரைந்திருந்தேன். அவருக்குப் போட்டுக் காட்டியபோது தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா இது தரையில ஓடுதே. நம்ம அணிலு மரம் விட்டு மரந்தான் தாவும். கீழ எறங்குறது ரொம்ப அபூர்வம்."

நான் பார்த்தது என் வீட்டு மதில் அணிலை. மூன்று வாரம் காட்டோரம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, படத்தை முழுக்க மாற்றினேன். புதிய படத்தில் தரையே கிடையாது. கிளை, இலை, இடைவெளி, தாவல், அவ்வளவுதான். முதல் படத்தைவிட அது பத்து மடங்கு நன்றாக வந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் படமானாலும், அந்த விஷயத்தோடு வாழ்கிறவர்கள் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டாமல் முடிக்க மாட்டேன்.

அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இப்போது சொல்லப்போகிற படத்தில் நான் ஒரு பொய்யை எடுத்திருப்பேன்.

எங்கள் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மில்லில் ஒரு விபத்து நடந்திருந்தது. நூல் வாங்கும் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பாதிப் பேரு ஒடிசா, பீகார்ல இருந்து வந்த பிள்ளைங்க. தமிழ்ல எழுதி ஒட்டினா யாருக்குப் புரியும்? வார்த்தையே இல்லாம ஒரு படம் வேணும்" என்றார்.

வார்த்தையே இல்லாத படம் என்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் எங்களுக்கு மில்லைச் சுற்றிக் காட்டினார். பஞ்சைச் சீவிப் பட்டையாக்கும் கார்டிங் மெஷின்கள் வரிசையாக நின்றன. துடைத்துவைத்த மாதிரி சுத்தம். எல்லா மூடியும் மூடியிருந்தது. "மூடியைத் தெறந்து கையை விடுறாங்க மேடம், அதான் பிரச்சினை. சொன்னாக் கேக்குறதில்ல" என்றார். குறித்துக்கொண்டேன்.

படத்தைப் பஞ்சிலேயே செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. அட்டையில் வெட்டிய கறுப்பு மெஷின். பஞ்சில் செய்த வெள்ளைப் பெண். அவள் மூடியைத் திறந்து கையை விடுகிறாள். விரல் நூலாகப் பிரிகிறது. நூல் உள்ளே இழுபடுகிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்துகொண்டே போகிறது. தாமஸ் அந்தப் பன்னிரண்டு வினாடியை எடுத்து முடித்ததும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

திரையிட இன்னும் பத்து நாள் இருந்தது. பழக்கப்படி மூன்று பேரை அனுப்பச் சொன்னேன். மில் கேன்டீனில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். மூன்று பெண்களில் ஒருத்தி முத்துலட்சுமி. நாற்பது வயதிருக்கும். இப்போது கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அவளுடைய வலது கையில் இரண்டு விரல் இல்லை என்பதை டம்ளரை எடுத்தபோதுதான் கவனித்தேன்.

கை அவிழும் இடத்தில் மற்ற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முத்துலட்சுமி கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும், "நல்லாருக்குக்கா" என்றாள். பிறகு, "ஆனா எங்க ஆளுக சிரிப்பாக" என்றாள்.

"ஏன்?"

"மூடியைத் தெறந்தா மெஷினு தானா நின்னுருமேக்கா. அதுக்குன்னு உள்ள சுவிட்சு இருக்கு. நின்ன மெஷினுல கை எப்படி மாட்டும்?"

எனக்குப் புரியவில்லை. "அப்படின்னா உங்க கை எப்படி..?"

மற்ற இரண்டு பேரும் எழுந்து டம்ளர் கழுவப் போய்விட்டார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து முத்துலட்சுமி சொன்னாள்: "சுவிட்சுல துணி கட்டியிருந்துச்சு. துணியை வச்சு அமுக்கிக் கட்டிட்டா, மூடி தெறந்திருந்தாலும் மெஷினு ஓடும். பஞ்சு அடிக்கடி அடைக்கும்கா. அடைக்கிற ஒவ்வொரு தடவையும் நிப்பாட்டி எடுத்தா எம்புட்டு நேரம் போகும்? யாரு கட்டுனான்னு மட்டும் கேக்காதீக."

அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து தாமஸிடம் சொன்னேன். பெரிய தவறைச் செய்தது நான்தான். ஓடாத மில்லை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, ஓடும் மில்லைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறேன். நான் எடுத்த படம், "விரல் போனவள்தான் தப்புச் செய்தாள்" என்று சொல்கிறது. அதுவும் எவ்வளவு அழகாகச் சொல்கிறது! அழகாக இருந்ததால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

"துணியைப் போட்டுருவோம். ஒரு சின்னத் துண்டு. அம்புட்டுத்தானே?" என்றார் தாமஸ்.

அவ்வளவுதான். ஆனால் துணி படத்தில் வந்தால், யார் சொல்லி வந்தது என்று மில்லில் தேடுவார்கள். அன்று கேன்டீனில் உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர். அதில் விரல் இல்லாதவள் ஒருத்தி. உண்மையைச் சொல்ல எனக்கு ஆசை. அதற்கான விலையைக் கொடுக்கப் போகிறவள் வேறொருத்தி. இந்த இடத்தில் நீங்களும் ஒருநாள் வந்து நிற்பீர்கள். அப்போது தனியாக முடிவெடுக்காதீர்கள். விலை கொடுக்கப் போகிறவரிடம் போய்க் கேளுங்கள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். முத்துலட்சுமி வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"படத்துல துணியைக் காட்டலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். வேண்டாம்னா நான் மெஷினையே எடுத்துட்டு வேற மாதிரி பண்ணிருவேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது" என்றேன்.

அவள் சுவரில் மாட்டியிருந்த ஒரு மில் அடையாள அட்டையைக் காட்டினாள். அதில் இருந்தது அவள் படம் இல்லை. இருபது வயதுப் பெண்ணின் படம்.

"எம்மக. போன மாசத்துல இருந்து அதே லைனுலதான் நிக்கா. வேண்டாம் வேண்டாம்னேன். நீ நின்ன எடந்தானம்மான்னுட்டா." பிறகு சொன்னாள்: "துணியைப் போடுங்கக்கா. ஆனா ஒண்ணு. யாரும் அதைக் கட்டுற மாதிரி போடாதீக. படம் ஆரம்பிக்கயிலயே அது கட்டிக் கெடக்கட்டும். எங்களுக்கும் அப்படித்தான். நாங்க வேலைக்கு வந்த அன்னைக்கே அது அங்கதான் கெடந்துச்சு."

முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் பாடம் கேட்டிருக்கிறேன். எதைக் காட்டாமல் விட வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கட்டுகிற கையைக் காட்டினால் அது ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்கும் படம். ஏற்கெனவே கட்டிக் கிடந்தால் அது மில்லைப் பற்றிய படம்.

ஒன்பது நாள் இருந்தது. முதல் காட்சியை மறுபடி எடுத்தோம். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த படத்தில் துணி மட்டும் சிவப்பு. விரல் நகம் அளவுதான். முடிவையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய முடிவில் அடுத்து வரும் பெண் மூடியைத் தொடாமல் திரும்பிப் போவாள். இனி அது செல்லாது. துணி அவிழ வேண்டும். தானாக அவிழ்வதுபோல எடுத்துவிடலாம் என்று தாமஸ் சொன்னார். அனிமேஷனில் எதுவும் தானாக நடக்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. அதனாலேயே அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மில்லில் அது தானாக அவிழாது. ஒரு கை வந்துதான் ஆக வேண்டும். யார் கை?

இரண்டு நாள் யோசித்தேன். மெஷினில் நிற்கும் பெண்கள் வளையல், வாட்ச் எதுவும் போடக் கூடாது என்று அங்கே விதி உண்டு. கடைசிக் காட்சியில் வந்து துணியை அவிழ்க்கும் பஞ்சுக் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

திரையிட இரண்டு நாள் முன்பு சரிபார்க்கச் சூப்பர்வைசர் மாடிக்கு வந்தார். முதல் காட்சியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

"இதை எடுத்துருங்க மேடம்."

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும். யாரு சொன்னா உங்ககிட்ட?"

"யார் சொன்னான்னு படத்துல இருக்கா? யார் கட்டினான்னாவது இருக்கா?" என்றேன்.

"நீங்க வெளியாளு. நாளைக்கு உற்பத்தி கொறைஞ்சா மேல இருந்து ஏச்சு வாங்குறது நாந்தான். எங்க பாடு உங்களுக்குத் தெரியாது."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. "முதலாளி பார்க்கட்டும் சார். அவர் எடுக்கச் சொன்னா அப்புறம் பேசுவோம்" என்றேன். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

தாமஸுக்குக் கோபம். "முதலாளிக்கு முன்கூட்டிக் காட்டாதீங்க. எல்லாத் தொழிலாளிக்கும் முன்னாடி நேரா போடுவோம். அப்ப மறுக்க முடியாது" என்றார்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். ஐந்நூறு பேர் நடுவில் அந்தச் சிவப்புத் துண்டு திரையில் வரும்போது முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் சபையில் தலைகுனிந்தவர் அடுத்த நாள் காலையில் என்ன செய்வார்? சொன்னவளைத் தேடுவார். தனியாகப் பார்த்தால் யோசிக்க அவருக்கு ஒரு வழி இருக்கும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன்.

பார்த்தார். "மறுபடி போடுங்க" என்றார். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை, கடைசிக் காட்சியில், தன் இடது மணிக்கட்டில் இருந்த வாட்ச்சைத் தடவிக்கொண்டார்.

"இந்தத் துணி எந்த மெஷின்ல இருக்கு?"

"எனக்குத் தெரியாது சார். நான் பார்த்த அன்னைக்கு மில்லு ஓடலை."

அது பொய்யில்லை. அவர் எழுந்தார். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஓடும் மில்லுக்குள் அன்றுதான் நான் முதல்முறையாக நுழைந்தேன். காதடைக்கும் இரைச்சல். பஞ்சுத் தூசி பனி மாதிரி மிதந்தது. அவர் கார்டிங் வரிசையில் ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நான்காவது மெஷினில் நின்றுவிட்டார். நீலத் துணி. நான் படத்தில் வைத்ததைவிடப் பெரியது. மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுத் தானே அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. எண்ணெய் ஊறி, அழுக்கேறி, முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. எத்தனை வருடமாக அங்கே இருந்ததோ! ஃபிட்டர் ஓடிவந்து பிளேடால் அறுத்துக் கொடுத்தார்.

வரிசை முடிந்தபோது அவர் வெள்ளைச் சட்டைப் பையில் ஐந்து துணிகள் இருந்தன. பையில் எண்ணெய்க் கறை பரவியிருந்தது. சூப்பர்வைசர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். முதலாளி அவரிடம் கத்தவில்லை, யார் கட்டினார்கள் என்று கேட்கவும் இல்லை. "அடைச்சா நிப்பாட்டித்தான் எடுக்கணும். அதுல கொறையுற உற்பத்தி எங்கணக்குல" என்றார். என்னிடம் திரும்பி, "படத்துல ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றார்.

குறித்த நாளில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேன்டீன் சுவரில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிட்டோம். சிவப்புத் துண்டு வந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு அலை மாதிரி பின்வரிசைவரை போனது. வாட்ச் கட்டிய கை வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி கைதட்டினாள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் ஆரம்பித்தது, கேன்டீன் முழுக்கத் தட்டியது. முத்துலட்சுமி கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டேன். பார்க்காமல் இருப்பதும் அன்று என் வேலையில் சேர்த்தி.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேறு இரண்டு மில்காரர்கள் எங்களுக்குப் பேசிவைத்திருந்த படத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "அந்தம்மா கேக்காததெல்லாம் படத்துல போடும்" என்று சொன்னார்களாம். அந்தப் பேச்சு இன்றுவரை என்னோடு வருகிறது. நானும் அதை மறுப்பதில்லை. மாடி வாடகைக்கே தடுமாறிய மாதங்கள் உண்டு. ஆனால் அந்த மில்லில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் காலையில் இன்றும் அந்த இரண்டரை நிமிடம் ஓடுகிறது. போட்டுக் காட்டுவது யார் தெரியுமா? அதே சூப்பர்வைசர்தான். சிவப்புத் துண்டு வரும் இடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி ஓட விடுவாராம்.

போன தை மாதம் முத்துலட்சுமி மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். கூட்டம் தள்ள, நான் மேடையேறிப் பரிசைக் கொடுத்தேன். பெண் என்னைத் தன் புருஷனுக்கு அறிமுகப்படுத்தினாள்.

"இவியதான் எங்க மில்லுப் படம் எடுத்தவிய. நாங்கூட ஒரு நாள் சொன்னேம்லா."

மாப்பிள்ளை கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை, சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி அவசரப்படுத்தினார்கள், போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்று கத்தினார். நான் விடவில்லை. அவளுடைய இரண்டு கைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகுதான் இறங்கினேன்.